நான் குடிக்காத தேத்தண்ணி

இலங்கை மலையகத்தில், கினிகத்தேனைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களில் என் கணவர் சபை ஊழியம் செய்தார். நானும் பிள்ளைகளும் அவரோடு இருந்தோம். அங்கே வாழ்ந்த காலத்தின் பெரும்பகுதியில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பரா எதிலும் நான் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. லயங்களுக்குப் போனேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து வேதம் வாசித்தேன். பிள்ளை பெற்றவளுக்காகவும் சாகக் கிடந்தவருக்காகவும் ஜெபித்து அழுதேன். தேத்தண்ணி கொண்டுவந்தால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றேன். காரணம் சாதி. இதை ஒரே சொல்லில் எழுத எனக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

கேட்டவர்களிடம் வயிறு என்று சொன்னேன். மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, கொதிக்க வைத்து ஆறவைத்ததுதான் குடிப்பேன் என்று. பையில் எப்போதும் ஒரு போத்தல் இருக்கும். தேத்தண்ணியும் கொதித்த தண்ணீர்தானே என்று அந்தப் பெண்களில் ஒருவர்கூட என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. ஜெபம் முடிந்து வரும் வழியில் தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் வீட்டுக்குப் போவோம். அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அந்த அம்மா செம்பில் தரும் பச்சைத் தண்ணீரை, மேடு ஏறி வந்த தாகத்தில், அண்ணாந்து குடித்துவிடுவேன். அந்த வீட்டுக் குழாய்க்கும் லயத்துப் பீலிக்கும் ஒரே ஓடையிலிருந்துதான் தண்ணீர் வந்தது. மேட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி இரண்டு பக்கமும் பிரித்து விட்டிருந்தார்கள். அந்தத் தொட்டியை நான் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். வயிற்றைக் குறை சொல்ல எனக்கு வழியே இல்லை.

நான் பிறந்தது மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில், நாடார் குடும்பத்தில். பல தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அம்மாவைப் பெற்ற ஆச்சிக்கு நாகர்கோவில் பக்கம். தென்திருவிதாங்கூரில் எங்கள் பெண்கள் தோள்சீலை போட்டதற்காக அதைத் தெருவில் வைத்துக் கிழித்த கதையை, இடுப்பில் குடம் வைத்து நடக்கக்கூடாது என்று இருந்த கதையை, 1859இல் மகாராஜாவின் உத்தரவு வந்த பிறகே அந்தக் கலகம் அடங்கிய கதையை ஆச்சி சொல்லச் சொல்ல நாங்கள் வாய் பிளந்து கேட்டிருக்கிறோம். இவ்வளவும் தெரிந்த அதே வீட்டின் புறவாசலில், வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ஓர் அலுமினிய டம்ளர் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். அதை யார் வைத்தது என்று யாரும் கேட்டதில்லை. அறியாமல் செய்தோம் என்று சொன்னால் அது பொய். தெரியும். அதைப் பற்றிப் பேசமாட்டோம், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ப் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சபை தன் சொந்தக் காசில் மிஷனரிகளை அனுப்ப 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவர் 1910இல் எடின்பரோ மாநாட்டில் எழுந்து, வெள்ளைக்கார மிஷனரிகளிடம் எங்களுக்கு உங்கள் நட்பு வேண்டும் என்று முகத்துக்கு நேராகக் கேட்டதை ஞாயிறு பள்ளியில் எங்களுக்குக் கதையாகச் சொல்வார்கள். எங்கள் சாதிக்காரர், எங்கள் மண்ணில் பிறந்தவர், துரைமார் கூடிய சபையில் அப்படிக் கேட்டார் என்று எனக்குச் சின்ன வயதிலேயே பெருமை. கினிகத்தேனை லயங்களுக்கு நான் போத்தலோடு போனபோது அந்தக் கதையில் துரைசானியின் இடத்தில் நின்றேன். அது எனக்கு உறைக்கவே இல்லை.

சபை வரலாறும் எனக்குத் தெரியாதது அல்ல. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாது என்று 1833இல் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதை ஏற்காமல் சபையை விட்டே போனவர்கள் உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்கூட சாதியாசாரத்தின் பக்கம் நின்று வாதாடினார். அவர் கீர்த்தனைகளைப் பாடித்தான் நான் வளர்ந்தேன், இன்றும் பாடுகிறேன். அந்தப் பழைய சண்டையைப் படித்தபோதெல்லாம் நான் பேராயர் வில்சன் பக்கம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன்.

திருநெல்வேலியிலிருந்து மலைநாட்டுக்கு ஊழியம் செய்யப் போனவர்கள் எங்களுக்கு முன்னும் உண்டு. கோப்பிக் காலத்தில், 1854இல், தோட்டத் துரைமார் பணம் போட்டுத் தொடங்கியதுதான் தமிழ்க் கூலி மிஷன். மிஷனரியைச் சர்ச் மிஷனரி சங்கம் கொடுத்தது. உபதேசியார்களைத் திருநெல்வேலியிலிருந்து கூட்டிவந்தார்கள். சம்பளம் துரைமாரின் சந்தாவிலிருந்து. ஆக, அந்த ஊழியம் பங்களாவிலிருந்து லயத்துக்கு இறங்கி வந்தது. லயங்களும் சாதி பார்த்தே நிரப்பப்பட்டவை. ஊரில் ஆள் பிடித்த பெரிய கங்காணிகள் பலர் மேல்சாதி என்று சொல்லப்பட்டவர்கள். அவர்களோடு வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளரும் பறையரும் அருந்ததியரும். கடல் தாண்டியும் ஊர் வழக்கம் கூடவே வந்தது. என் குற்றத்தை வரலாற்றின் தலையில் கட்ட இதை எழுதவில்லை. அந்த உபதேசியார்களில் எத்தனை பேர் லயத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள் என்று யோசிக்கும்போது, அவர்களுக்குப் பல தலைமுறை கழித்து வந்த நானாவது மாறியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

நாங்கள் முதலில் போனது 2002இல், போர் நிறுத்தம் வந்த வருடம். கினிகத்தேனை நகரத்தில் சிங்களவர்களே அதிகம். கடைத்தெருவைத் தாண்டி மேலே ஏறினால் தோட்டங்கள், தமிழ்ச் சனம். ஹட்டன் ரோட்டும் நாவலப்பிட்டி ரோட்டும் சேரும் ஊர். மழையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். தேரிக்காட்டில் வளர்ந்த எனக்கு அவ்வளவு மழை புதிது. வைகாசியில் பிடித்தால் புரட்டாசி வரை சுவரெல்லாம் பூஞ்சணம், போர்வையெல்லாம் ஈர வாடை, காலெல்லாம் அட்டைக் கடி. எனக்கு உதவிக்கு லயத்திலிருந்து ஓர் அக்கா வருவார். கொழுந்து மலையில் வேலை முடித்து, படங்கை அவிழ்த்து வைத்துவிட்டு, சாயங்காலம் வந்து துணி துவைத்துத் தருவார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். அவர் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். என்னைவிட மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவருக்கென்று ஒரு நீலப் பீங்கான் கோப்பை வாங்கி, குசினி சன்னலின் வெளிக்கட்டையில் வைத்தேன். உள்ளே மற்றக் கோப்பைகள் இருந்தன. வெளியில் வைக்கச் சொல்லி என்னிடம் யாரும் சொல்லவில்லை. என் கை அதுவாகவே அங்கே கொண்டுபோய் வைத்தது.

2007இல் மாமனாரின் உடல்நிலைக்காக ஊருக்குத் திரும்பினோம். ஊரில் இருந்த காலத்தில் சபை சபையாகப் போய்ப் பேசினேன். மலையகத்தைப் பற்றிப் பேச எனக்கு நன்றாக வரும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, பெரட்டு என்ற காலை ஆளெடுப்பு, அரைப்பேர் என்ற அரைநாள் கூலி, 1948இல் பறிபோன பிரஜாவுரிமை, எல்லாவற்றையும் சொல்வேன். பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். காணிக்கை சேரும். ஒரு வருடம் எங்கள் ஊர் அசனப் பண்டிகையில் பேசச் சொன்னார்கள். அண்டா அண்டாவாகச் சோறும் கறியும் ஆக்கி ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள் அது. அந்த மேடையில் நின்று, நான் லயத்துச் சகோதரிகளோடு அவர்களில் ஒருத்தியாக உண்டு உறங்கி வாழ்கிறேன் என்று சொன்னேன். வாய் தவறி வந்த சொல் அல்ல. முந்தைய இரவே தாளில் எழுதி வைத்துப் பேசியது. கேட்டவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். என் பாவங்களில் இதைத்தான் நான் முதலில் வைக்கிறேன். சாதியை ஊரிலிருந்து நான் சுமந்து வந்தேன். இந்தப் பொய்யை நானே உண்டாக்கினேன்.

2010இல் திரும்பிப் போனோம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, கட்டுநாயக்காவில் இறங்கி, அவிசாவளை, எட்டியாந்தோட்டை, கித்துல்கல வழியாக வேன் மலை ஏறியது. சபை வீட்டுக்கு முன்னால் லயத்துச் சனம் மழையில் குடை பிடித்து நின்றது. மூடிக் கிடந்த வீட்டைக் கழுவி, பூஞ்சணம் சுரண்டி, ஈரம் காய அடுப்பு மூட்டி வைத்திருந்தார்கள். இதற்காகச் சிலர் அன்று வேலைக்குப் போகவில்லை. அப்போது நாட்சம்பளம் வருகைக் கொடுப்பனவெல்லாம் சேர்த்து 405 ரூபாய். ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலை, போனால் அந்தக் காசு போகும், நாள் குறைந்தால் வருகைக் கொடுப்பனவும் போகும். ஒரு பாட்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “இந்தியாவுக்குப் போனவுங்கள்ல திரும்பி வந்தது நீங்க மட்டுந்தாம்மா” என்றார்.

அந்தச் சொல்லின் கனம் எனக்கு அன்றைக்கு முழுதாகப் புரியவில்லை. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதினார்கள். அதன்படி அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேசுவரம் போய், கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போனார்கள். 1984இல் கப்பலும் நின்றது. அந்தப் பாட்டியின் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர் அப்படிப் போனவர்கள். இந்தியாவுக்குப் போவது என்றால் அவருக்கு அது ஒரு சாவு. நாங்கள் திரும்பி வந்ததை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

அன்றைக்கு மத்தியானம் அந்த அக்காவின் வாசலில் எங்களுக்குச் சாப்பாடு. கோழிக்கறி, பருப்பு, கட்டச்சம்பல். தாள் விரித்து, பக்கத்து லயத்திலிருந்து தட்டுகள் இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். நான் போகவில்லை. பயணக் களைப்பு, மலைப்பாதையில் குமட்டல் என்று சொல்லி வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். கணவரும் பிள்ளைகளும் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். அன்று இரவு டீமேக்கர் வீட்டில் இடியப்பமும் சொதியும் கொடுத்தார்கள். பசித்திருந்தேன், நன்றாகச் சாப்பிட்டேன். என் கணவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏன் சொல்லவில்லை என்பதை அவர்தான் எழுத வேண்டும். இங்கே என்னுடையதை மட்டும் எழுதுகிறேன்.

மறுபடி வேரூன்றுவது கஷ்டம் என்று அந்த வருடம் ஊருக்குக் கடிதம் எழுதினேன். பிள்ளைகள் ஏங்குகிறார்கள், மழை தாங்கவில்லை, எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது என்று. பிள்ளைகள் ஏங்கவில்லை. வந்த ஒரு வாரத்தில் மகன் தோட்டத்துப் பேச்சுக்கு மாறிவிட்டான். பள்ளிக்கூடம் விட்டால் இருவரையும் லயத்துப் பக்கம்தான் தேட வேண்டும். மழையையும் குளிரையும் நான் கடிதத்தில் நிரப்பியதற்குக் காரணம், உண்மையில் எது என்னை அங்கே ஒட்டவிடாமல் வைத்திருந்தது என்று எழுத முடியாததுதான்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் ரோட்டில் மண் சரிந்தது. நானும் கணவரும் ஹட்டன் போயிருந்தோம், திரும்ப முடியவில்லை. பிள்ளைகளை அந்த அக்கா தன் காம்பராவில் வைத்துக்கொண்டார். காலையில் மண்ணைத் தள்ளி வழி விட்டதும் நேராக லயத்துக்கு ஓடினேன். என் மகள் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். மகன் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அக்காவின் தட்டிலிருந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். இரவெல்லாம் என் பிள்ளைகளை உயிரோடு காத்த வீடு அது. ஒரு நன்றி சொல்லவில்லை. அவன் தோளைப் பிடித்துத் தூக்கி, “போ, வாய் கொப்பளி” என்றேன்.

அவன் எல்லார் முன்னாலும் சொன்னான்: “நாங்க எப்பவும் இங்கதாம்மா திங்கிறோம். பீலியில வாயக் கழுவிட்டுத்தான் வீட்டுக்கு வர்றோம், ஒனக்குத் தெரியக்கூடாதுன்னு.”

லயம் முழுக்க வெளியே வந்து நின்றது. அக்கா தட்டை எடுத்துக் கீழே வைத்தார். யாரும் எதுவும் பேசவில்லை. என் பிள்ளைகள், தங்களைச் சோறு போட்டு வளர்த்தவர்களின் அன்பைத் தாயிடமிருந்து மறைக்கக் கற்றிருந்தார்கள். அவர்களுக்கு வேதம் சொல்லிக் கொடுத்தவள் நான்.

அந்த மாதத் திருவிருந்து ஞாயிறு வந்தது. எங்கள் சபையில் ஒரே பாத்திரம், எல்லோரும் அதில்தான் குடிக்க வேண்டும். பலிபீடத்தின் முன் முதலில் போய் முழங்காலிடுவது எப்போதும் நான்தான். போதகர் மனைவி, பக்தி வைராக்கியம் என்று சனம் நினைத்திருக்கலாம். மற்றவர்கள் வாய் வைப்பதற்கு முன் நான் குடித்துவிட வேண்டும், அதுதான் காரணம். இதை நான் எனக்குள்கூட வார்த்தையாகச் சொல்லிக்கொண்டதில்லை. கால் தானாக முந்தும். அன்றைக்கு முதன்முறையாக, குடித்துவிட்டுத் திரும்பும்போது வரிசையைப் பார்த்தேன். அந்த அக்கா கடைசியில் நின்றார். அவர் எப்போதும் கடைசியில் நின்றதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வயிறு, போத்தல், குமட்டல், அசன மேடையில் பேசிய பொய், பலிபீடத்தில் முந்தியது. மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

“தெரியும்மா” என்றார். “நீங்க மொத மொத வந்தப்பவே தெரியும். போத்தலப் பாத்ததுமே லயத்துல பேசிக்கிட்டோம்.”

பின் ஏன் என் வீட்டுக்கு வந்தீர்கள், ஏன் கோயிலுக்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

“ஒங்க வீட்டுக்குக் காசுக்கு வந்தேன். புள்ளைகளுக்காக வந்தேன். கோயிலுக்கு ஒங்களுக்காகவாம்மா வந்தோம்?”

மன்னிப்பைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றி வந்தார். தோட்டத்தில் ஆளுக்கு அளந்து கொடுக்கும் தூள், சாயம் கறுப்பாக இறங்கியிருந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொள்ளச் சீனியும் தந்தார். குடித்தேன். கை நடுங்கியது. அந்த நடுக்கத்தை அவர் பார்த்தார். “அடுத்த திருவிருந்துக்கு எனக்குப் பின்னால வாங்க” என்று மட்டும் சொன்னார்.

போனேன். வரிசையில் அவருக்கு அடுத்து நின்றேன், அவருக்கு அடுத்து முழங்காலிட்டேன். அவர் குடித்த பாத்திரம் துடைக்கப்பட்டு என்னிடம் வந்தது. நான் உதட்டை இறுக மூடிக்கொண்டு, பாத்திரத்தைச் சாய்த்து, குடித்ததுபோல் பாவனை செய்து ஆமென் சொன்னேன். பாத்திரத்தைப் பிடித்திருந்தவர் என் கணவர். அவருக்கும் இது தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. அதற்கடுத்த மாதம் குடித்தேன், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் குடித்திருக்கிறேன். ஆனால் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் குடிக்கவில்லை. இதை இப்போதுதான் சொல்கிறேன். அச்சாகி வந்ததும் மகன் அக்காவுக்குப் படித்துக் காட்டுவான்.